கூரை திறக்கும் கார்: அண்ணன் ரசனையா, தம்பி ரசனையா?

கேள்வி: நானும் அண்ணனும் பட்டர்வொர்த்தில் லாரித் தொழில் நடத்துகிறோம். வீடு பினாங்குத் தீவில், தஞ்சோங் புங்காவில். அம்மாவுக்கு எழுபது வயது நெருங்குகிறது. இத்தனை வருஷம் ஓடி உழைத்தாகிவிட்டது, வீட்டுக்கென்று கூரை திறக்கும் நல்ல கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கலாம் என்று முடிவு செய்தோம். சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. அண்ணனுக்கு ரோல்ஸ் ராய்ஸ் ஃபாண்டம் டிராப்ஹெட் கூப்பே வேண்டும். வெள்ளை உடம்பு, ஸ்டீல் பானெட், பின்னால் தேக்குப் பலகை, உள்ளே சிவப்பு லெதர். எனக்கு அது கல்யாண மண்டப வாசலில் நிற்கிற கார் மாதிரி தெரிகிறது. என் ஆசை ரோல்ஸ் ராய்ஸ் டான். அடர் பச்சை, கறுப்புக் கூரை, கறுப்பு லெதர். அண்ணனோ அது துக்க வீட்டுக்குப் போகிற கார் என்கிறார். கோலாலம்பூரில் படிக்கும் அண்ணன் மகன், பானெட் முழுக்க முத்திரை அச்சடித்த மெர்சிடிஸ் மேபேக் எஸ்எல் படத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறான். அம்மா கேட்டது ஒன்றுதான்: “கூரை இல்லாத காருக்கா இவ்வளவு காசு?” கோயில், சொந்தக்காரர் கல்யாணம், எப்போதாவது கோலாலம்பூர் பயணம், இவ்வளவுதான் ஓட்டம். பினாங்கில் வண்டியை நான் ஓட்டுவேன். யார் ரசனை சரி? நீங்கள் சொன்னால் இரண்டு பேரும் கேட்டுக்கொள்வோம்.
– தஞ்சோங் புங்கா வாசகர்

பதில்:

வணக்கம். சிகாம்புட்டில் கார் சீட், லெதர், கூரைத்துணி வேலை செய்யும் பட்டறை வைத்திருப்பவன் நான். காரை விற்பவன் இல்லை என்பதால் எந்தப் பக்கமும் சாய வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனால் விற்றவர் போன பிறகு அந்தக் கார் என்ன பாடு படுகிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

முதலில் அம்மாவுக்குப் பதில். உங்கள் மூன்று பேர் கேள்வியைவிட அவர் கேள்வி நல்ல கேள்வி. காருக்கு உறுதி கொடுப்பதில் கூரைக்குப் பெரிய பங்கு உண்டு. அதை எடுத்துவிட்டால் குழியில் ஒரு டயர் இறங்கும்போது வண்டி முறுக்கிக்கொள்ளும். அதனால் தரையையும் கண்ணாடிச் சட்டத்தையும் தடித்த உலோகத்தால் பலப்படுத்த வேண்டியிருக்கிறது. டானும் ஃபாண்டம் டிராப்ஹெட்டும் இரண்டரை டன்னுக்கு மேல் எடை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம் அந்தத் துணிக்கூரை. பல அடுக்கு வைத்து, மடியும்போது சுருங்காமல், மூடும்போது தொய்யாமல் இருக்க வேண்டும். காசு கூரை இல்லாததற்கு இல்லை. கூரை இல்லாமலும் கார் காராக நிற்பதற்கு.

சரி, அண்ணன் விஷயத்துக்கு வருவோம். அவர் ரசனையை நீங்கள் கொஞ்சம் மட்டமாகப் பேசுகிறீர்கள், அது நியாயமில்லை. டிராப்ஹெட்டின் ஸ்டீலும் தேக்கும் யாரோ வாடிக்கையாளர் பகட்டுக்காகப் பின்னால் ஒட்டிக்கொண்ட அலங்காரம் இல்லை. 2004இல் ஜெனீவாவில் 100இஎக்ஸ் என்று ஒரு மாதிரிக் காரைக் காட்டினார்கள், அதிலேயே உலோக பானெட்டும் தேக்கும் இருந்தன. 1930களில் பந்தயம் ஓடிய பெரிய ஜே கிளாஸ் பாய்மரக் கப்பல்கள்தான் அவர்கள் மனத்தில் இருந்தவை. கப்பலின் மேல்தளம் போலப் பின்பக்கம் தேக்கு, கப்பல் உலோகம் போல முன்பக்கம் தேய்த்த ஸ்டீல். 2007 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் விற்பனைக்கான கார் வந்தபோது அந்த எண்ணத்தை விடாமல் கொண்டுவந்தார்கள். பூட் கதவு இரண்டாகப் பிரிந்து கீழ்ப்பாதி பலகை போல இறங்கும், இரண்டு பேர் அதில் உட்காரலாம். கரையில் நிறுத்தி, கூரையைத் திறந்து, நாலு பேர் சுற்றி நின்று பார்ப்பதற்கென்றே யோசித்த கார் அது.

இதில் உங்கள் அண்ணனுக்கு ஆசை வந்தது ஆச்சரியமே இல்லை. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் தெருவில் வருவதைப் பார்த்து வளர்ந்த பினாங்குக்காரர் அவர். 2017இல் இருந்து தங்க ரதமும் வருகிறது. மின்னுவது மட்டம், மங்கலாக இருப்பதே நாகரிகம் என்பது வடக்கு ஐரோப்பாவின் மேகமூட்டத்தில் வளர்ந்த கணக்கு. அதை நாமும் மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஸ்டீல் பானெட்டைப் பற்றிப் பட்டறைக்காரனாகச் சில விஷயம் சொல்லியாக வேண்டும். அது பெயின்ட் அடித்த பானெட் இல்லை. மேற்பரப்பில் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடும், அந்தக் கோடுகள்தான் அதன் அழகு. துடைத்தால் கோட்டோடு துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் வெயிலில் அந்த வட்டம் நிற்கும், அப்புறம் அதை எடுப்பது பெரிய வேலை. பெயின்ட் கீறினால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்து நிறம் சேர்க்கலாம். இங்கே சேர்க்க நிறமே கிடையாது. புதுக் கார் வந்ததும் நாம் என்ன செய்வோம்? பானெட்டில் சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவோம், கற்பூரம் காட்டுவோம், மாலையைக் கம்பி போட்டுக் கட்டுவோம். காய்ந்த சந்தனம் கோடுகளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். கம்பி முனை ஒரு முறை நழுவினால் போதும். அண்ணன் இந்தக் காரைத்தான் வாங்குவார் என்றால், பொட்டு கண்ணாடியில், மாலை நூலில் என்று ஐயரிடமும் சொந்தக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்லுங்கள்.

தேக்கு அந்த அளவு பயமுறுத்தாது. நம் பழைய வீட்டுக் கதவுகள் தேக்குதானே. ஆனால் வெயிலில் எண்ணெய் இல்லாமல் விட்டால் சாம்பல் நிறமாகும். உப்புக் காற்றும் சேர்ந்தால் பலகைக்கு நடுவில் இருக்கும் கறுப்புக் கோடுகளில் அழுக்கு தங்கும். முறையாக எண்ணெய் தடவ ஒரு ஆள் வேண்டும். வீட்டில் யார் தடவுவார்கள் என்று அண்ணனிடம் கேளுங்கள். ‘டிரைவர்’ என்று சொன்னால் அது பதில் இல்லை.

இப்போது உங்கள் டான். 2015இல் அறிமுகமான இந்தக் காரில் அலங்காரத்தைக் குறைத்து வடிவத்தை நம்பியிருக்கிறார்கள். பக்கவாட்டுத் தகடு உயரம், கண்ணாடி குறைச்சல், கூரை தாழ்வு. மூடினால் துணிக்கூரை வண்டி என்றே உடனே தெரியாது, இரண்டு கதவு மூடிய கார் போல ஒரே கோட்டில் ஓடும். டிராப்ஹெட்டை மூடினால் வேறு கதை. கண்ணாடி நிமிர்ந்து நிற்கும், துணி உயரமாக எழும், அந்தக்காலத்துப் பெரிய மனிதர் வண்டி போல இருக்கும். எனக்கு அதுவும் பிடிக்கும். 2012க்கு முன்னால் வந்த டிராப்ஹெட்டுகளில் முன்னால் இருக்கும் பெரிய வட்ட விளக்கும் எனக்குப் பிடிக்கும். அதைக் கிண்டல் செய்பவர்கள் நிறையப் பேர். 2012இல் வந்த இரண்டாம் வரிசையில் விளக்கை மாற்றியும் விட்டார்கள்.

மூடினால் எப்படி இருக்கும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் மூன்று பேரும் பார்த்துச் சண்டை போடும் படங்கள் எல்லாமே கூரை திறந்த படங்கள். நம் ஊரில் காலை பத்து மணிக்கு மேல் யார் கூரையைத் திறந்து ஓட்டுவார்கள்? மாலை வெயில் இறங்கினால் மழை வந்துவிடும். நெடுஞ்சாலையில் 110இல் போகும்போது திறந்தால் பின்னால் இருப்பவர் பேசுவது காதில் விழாது, அம்மாவின் கொண்டையும் நிற்காது. விடிகாலையில் பத்து ஃபெரிங்கி பக்கம் கடலோரமாக ஒரு சுற்று, இரவு எட்டு மணிக்கு மேல் கர்னி டிரைவ், கல்யாண ஊர்வலம், அவ்வளவுதான். மற்ற நேரம் எல்லாம் மூடிய காரைத்தான் நீங்கள் போர்ச்சில் பார்க்கப் போகிறீர்கள். ஆகவே மூடியபோது உங்கள் கண்ணுக்குப் பிடிக்காத கார் உங்களுக்கான கார் இல்லை. இதை வைத்து அண்ணன் காரையும் சோதியுங்கள், உங்கள் காரையும் சோதியுங்கள்.

அடுத்தது வெளிச்சம். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகையில்தான் இருக்கிறது. மத்தியான வெயில் நேராக உச்சியில் இருந்து இறங்கும். டான் போன்ற கார்களின் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய மடிப்புகள் சாய்ந்த வெளிச்சத்துக்கு எடுப்பாக இருக்கும். நம் மத்தியானத்தில் பக்கவாட்டு முழுக்க நிழலில் போய்விடும். பானெட்டும் பின்தளமும் மட்டும் வெயிலில் எரியும். அதனால்தான் அண்ணன் காரில் ஸ்டீல் பானெட் அப்படிக் கண்ணைப் பறிக்கிறது. உங்கள் அடர் பச்சை அதே நேரத்தில் கறுப்பாகத்தான் தெரியும். அண்ணன் ‘துக்க வீட்டுக் கார்’ என்று சொன்னது கேலி மட்டும் இல்லை, அவர் பகலில் பார்த்திருக்கிறார். பச்சை வேண்டுமென்றால் கொஞ்சம் வெளிர்ந்த பச்சையாகத் தேடுங்கள், அதையும் காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை பாருங்கள். ஷோரூம் விளக்கில் எல்லா நிறமும் நல்ல நிறம்தான்.

மேபேக் எஸ்எல் பற்றி நீளமாக எழுத ஒன்றும் இல்லை. 2024இல் காட்டிய எஸ்எல் 680 மோனோகிராம் வகையைத்தான் பையன் அனுப்பியிருக்கிறான். முத்திரை பானெட்டிலும் உண்டு, கூரைத்துணியிலும் உண்டு. எனக்கு அது கைப்பைக் கடை ரசனை. அவன் வயதில் நானும் ஆசைப்பட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் அந்தக் காரில் இரண்டே சீட். அம்மாவை எங்கே உட்கார வைப்பான்?

இனிமேல்தான் முக்கியமான இடம். உங்கள் கடிதத்தில் பானெட், பலகை, பெயின்ட் எல்லாம் இருக்கிறது. உள்ளே உட்காருபவர் பற்றி லெதர் நிறம் தவிர ஒரு வரி இல்லை. அம்மா பின் சீட்டில் உட்காருவார். அங்கிருந்து அவருக்கு ஸ்டீல் பானெட் தெரியாது, தேக்குப் பலகை முதுகுக்குப் பின்னால் இருக்கும். கண்ணுக்குத் தெரிவது முன் சீட்டின் முதுகும், கதவின் உள்பக்கமும், கூரையின் உள்துணியும்தான். ஒன்று நல்லது, ஃபாண்டம் டிராப்ஹெட்டிலும் டானிலும் கதவு பின்பக்கம் கீல் வைத்து முன்னிருந்து திறக்கும். புடவை கட்டியவர் முன்னால் நடந்து வந்து திரும்பி உட்காரலாம், கதவு விளிம்பில் முந்தானை மாட்டாது. இழுத்து மூடவும் வேண்டாம், பொத்தானை அழுத்தினால் போதும். பென்ட்லி கான்டினென்டல் ஜிடிசியை நீங்கள் இருவரும் ஏன் பேசவில்லை என்று முதலில் யோசித்தேன். ஓட்டுபவருக்கு அது இரண்டையும்விட உற்சாகமான கார். ஆனால் பின் சீட்டு அம்மாவுக்கான இடம் இல்லை, கதவும் சாதாரணக் கதவுதான். விட்டதே சரி.

லெதர் நிறத்தில் அண்ணன், தம்பி இரண்டு பேருமே எனக்கு வேலை கொடுக்கப் பார்க்கிறீர்கள். கறுப்பு லெதர், திறந்த கூரை, நம் வெயில். கோயில் வாசலில் அரை மணி நேரம் நிறுத்தினால் அம்மா அதில் உட்கார முடியாது. சிவப்பு படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் வெள்ளை உடம்போடு சேர்ந்தால் பார்ப்பவர் கண் வேறெங்கும் போகாது. சிலர் பாலாடை நிறம் கேட்பார்கள். நம் வீடுகளுக்கு அது சோதனை. மஞ்சள் கறை பட்டால் பயப்படாதீர்கள், மெல்லத் துடைத்து வெளிச்சத்தில் விட்டால் நாளடைவில் வெளுக்கும். குங்குமம் அப்படி இல்லை. தையல் நூலுக்குள் இறங்கிவிட்டால் நூலைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். புது ஜீன்ஸின் நீலமும் அப்படியே. நான் சொல்வது கருப்பட்டி நிறம் அல்லது அதைவிடக் கொஞ்சம் வெளிர். சூடு கறுப்பு அளவு ஏறாது, கறை சட்டென்று தெரியாது, பச்சைக்கும் நீலத்துக்கும் வெள்ளைக்கும் பொருந்தும், பழகப் பழக அழகு கூடும்.

கூரைத்துணியும் அப்படித்தான். வெளிர் நிறத் துணியில் மழைநீர் வழிந்த கோடு, மைனா எச்சம், அங்சானா மரத்து மஞ்சள் பூ எல்லாம் தெரியும். முழுக் கறுப்பும் சில வருஷத்தில் வெளுத்து ஒரு மாதிரி ஆகும். அடர் நீலம், அடர் பழுப்பு நன்றாக உழைக்கின்றன. எந்த நிறமானாலும் ஈரத்தோடு மடிக்காதீர்கள். மடித்து இரண்டு நாள் விட்டால் நம் ஈரப்பதத்தில் பூஞ்சணம் பிடிக்கும், அந்த வாடையைப் போக்க உள்துணியையே மாற்ற வேண்டி வந்தாலும் வரும்.

நீளமும் ஒரு விஷயம். டிராப்ஹெட் 5.6 மீட்டர், டான் கிட்டத்தட்ட 5.3 மீட்டர். நம் ஊர்ச் சின்னக் கார் மைவி 3.9 மீட்டர் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். லெபோ குயின் பக்கம் கோயிலுக்குப் போய், எதிரே ஒரு வேன் வந்தால் அந்த 30 சென்டிமீட்டரின் அருமை தெரியும். போர்ச்சையும் அளந்து பாருங்கள், கேட் திறக்கும் தூரத்தையும் சேர்த்து.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ரோட் டேக்ஸைச் சொல்லிவிடுகிறேன். தீபகற்ப மலேசியாவில் தனியார் பெயரில் பதிந்த காருக்கு 3,000 சிசிக்கு மேல் அடிப்படை 2,130 வெள்ளி (ரிங்கிட்), மேலே ஒவ்வொரு சிசிக்கும் 4.50 வெள்ளி. டிராப்ஹெட்டின் 6,749 சிசிக்கு வருஷம் 19,000 வெள்ளி, டானின் 6,592 சிசிக்கு 18,294 வெள்ளி. வித்தியாசம் பெரிதில்லை, இதை வைத்துச் சண்டையில் யாரும் ஜெயிக்க முடியாது. கம்பெனி பெயரில் பதிந்தால் விகிதம் வேறு, கூடுதல். உங்கள் கணக்கரிடம் கேளுங்கள்.

சரி, கேட்ட தீர்ப்பு. அண்ணன் ரசனை தவறில்லை, அதை நான் மனதாரச் சொல்கிறேன். டிராப்ஹெட் இரண்டிலும் துணிச்சலான கார். ஆனால் அதை முழுசாக ரசிக்கக் கூரை திறந்திருக்க வேண்டும், வெளியே பார்க்க ஆள் இருக்க வேண்டும், வீட்டில் ஸ்டீலையும் தேக்கையும் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் ஓட்டத்தில் மூன்றும் இல்லை. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் அம்மாவோடு, பெரும்பாலும் மூடிய கூரையோடு, குறுகலான தெருவில் நீங்களே ஓட்டும் கார் என்றால் டான்தான். நீங்கள் கேட்ட கறுப்பு லெதர் மட்டும் வேண்டாம். அண்ணனுக்கு மரம் வேண்டுமென்றால் டானின் பின்தளத்திலும் மரப்பலகை உண்டு; நல்ல மரவேலை உள்ள வண்டியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவரிடமே விடுங்கள். டானை வாங்கி அதன் பானெட்டுக்கு ஸ்டீல் நிற ஸ்டிக்கர் ஒட்டி அவரைச் சமாதானப்படுத்தலாம் என்று மட்டும் யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அப்படி ஒட்டிய கார்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் பிடிக்காத மூன்றாவது கார் ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான்.

டான் இப்போது புதிதாக வருவதில்லை என்பதால் பழைய வண்டிகளைத்தான் பார்க்கப் போகிறீர்கள். போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். கூரையை மூடி, ஏர்கோனைப் போட்டு, மத்தியான நேரத்தில் அவரைப் பின் சீட்டில் கால் மணி நேரம் உட்கார வையுங்கள். அவர் சொன்னால்தான் தெரியும் கால் எங்கே இடிக்கிறது, காற்று கழுத்துக்கு வருகிறதா என்று. அதற்குள் நீங்கள் விற்பவரிடம் கூரையைத் திறந்து மூடச் சொல்லுங்கள். சுமார் 20 விநாடிதான் ஆக வேண்டும், நடுவில் தயங்கவோ முனகவோ கூடாது. திறந்து மடிந்திருக்கும்போது கூரை போய் உட்காரும் அறைக்குள் கையை விட்டு ஓரங்களைத் தடவிப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். ஈரமோ புழுங்கல் வாடையோ இருந்தால் தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கலாம். பின் சீட்டின் அடி மூலையில் லெதர் தையலைக் கொஞ்சம் விரித்து நூலின் நிறத்தைப் பாருங்கள். மேலே ஒரு நிறம், உள்ளே ஒரு நிறம் என்றால் யாரோ லெதருக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள். விலை பேசும்போது அதைச் சொல்லுங்கள்.